கடிகாரம் விடுப்பு எடுத்த நாள்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் கடிகாரம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அதை அரசாங்கத் தாள்களைத் தவிர யாரும் பயன்படுத்தவில்லை. காலை எட்டு பத்துக்கு அவள் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை போடுவார். பகல் ஒரு மணிக்கு அவள் திரும்பி வருவதைப் பார்த்துத் தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்திருப்பார். ஒருநாள் அவள் பத்து நிமிஷம் பிந்திவிட்டாள். "உன்னை நம்பி வயித்தைக் காயப்போட்டுட்டு உக்காந்திருக்கேனேம்மா!" என்று தையற்காரர் வாசலிலேயே மறித்துக் கேட்டார். கிண்டலுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவள் பதில் சொல்ல நிற்காமல் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறிப் போனாள். மேலே அப்பா காத்திருந்தார்.

வயது முப்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிற வேலை. பத்தொன்பது வயதில் கடைக்குள் போனவள், இருபது வருஷமாக அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். லென்ஸில் புள்ளி வைத்து, சரியான கோணத்தில் மெஷினில் மாட்டி, ஃபிரேமுக்குள் அடங்கும் வரை விளிம்பைத் தேய்க்க வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் போட்டவருக்குத் தலை கிர்ரென்று சுற்றும். இத்தனை வருஷத்தில் அவள் வெட்டிய லென்ஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். பெருமைதான், சம்பள உயர்வைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

அம்மா போன பிறகு வீட்டில் அவளும் அப்பாவும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தவை மூன்றே சொற்கள்: "தண்ணி", "சரி", "சனியனே". ஆயுசுக்கும் பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, எதிரில் நின்றவரை ஒரு கடுஞ்சொல் சொல்லியறியாத மனிதர் அவர். அத்தனை சொற்களையும் அள்ளிக்கொண்டு போன நோய், அந்த 'சனியனே'யை மட்டும் எதற்காக விட்டுவைத்ததோ! டாக்டர் வந்தாலும் சனியனே, மகள் தலையணையைச் சரிசெய்தாலும் சனியனே. சந்தோஷம் வந்தால் இரண்டு தடவை சொல்வார்.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று, விழுங்கப் பயிற்சி கொடுக்கிற பெண் அவளை மட்டும் தனியாக அழைத்துப் போனாள். "பச்சைத் தண்ணி ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க. வயித்துக்குப் போறதுக்குப் பதிலா நுரையீரலுக்குப் போயிடும். நமக்குன்னா இருமல் வந்து வெளியே தள்ளும். இவருக்கு அந்த இருமலே வராது. பார்க்கிறவங்க, ஆகா, நல்லாக் குடிக்கிறாரேன்னு நெனச்சிடுவாங்க. அதுதான் ஆபத்து." ஒரு பொடியைக் கொடுத்தாள். அதைத் தண்ணீரில் கலந்தால் பாகு மாதிரிக் கெட்டியாகும், ஸ்பூனால் ஊட்டினால் மெதுவாக இறங்கும்.

வெளியே வராந்தாவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். பெயின்ட் கிடங்கில் பொறுப்பாளன், எதையும் உடனே முடிவு செய்கிறவன். "அவரால சரியா முழுங்க முடிஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. முடியலேன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடுவோம். வேலைக்கும் போயிட்டு நீ ஒருத்தி என்னத்தைப் பார்ப்ப?" என்றான். அந்த இல்லத்தை அவளும் போய்ப் பார்த்திருந்தாள். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு மூக்கிலும் ஒரு குழாய், குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கட்டிலோடு கட்டிய கைகள்.

"நல்லா முழுங்குறாரு அண்ணா," என்றாள் அவள்.

சொன்ன பொய் அவ்வளவுதான். ஆனால் அதைக் காப்பாற்ற எவ்வளவு பாடு! பொடியைப் பெயர் எழுதாத ஒரு டப்பாவில் கொட்டி வைத்தாள். தினமும் காலையில் ஒரு ஜாடி நிறையக் கெட்டித் தண்ணீர் கலந்து மூடி வைப்பாள். எட்டு பத்துக்குக் கிளம்பி, பகல் ஒன்றுக்கு வந்து ஊட்டிவிட்டு மறுபடியும் போவாள். இடையில் அப்பாவுக்கு டிவியும் ஜன்னலும்தான் துணை. அண்ணன் குடும்பம் வரும்போது அப்பாவுக்கு எதுவும் குடிக்கக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வாள். "இப்பத்தான் குடிச்சாரு," என்று சொல்லிவிடுவாள். அப்பாவோ அவர்கள் எதிரில்தான் "தண்ணி, தண்ணி" என்று கெஞ்சுவார். அந்தக் கொழகொழப்பு அவருக்கு ஆகவே ஆகாது. டம்ளரில் குளிர்ந்த பச்சைத் தண்ணீரை மடமடவென்று குடிக்க வேண்டும், அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை அதுதான். மூன்று வருஷமும் மகள் மறுத்தாள். மறுத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்று அழுவாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து ஸ்பூனை எடுப்பாள்.

இந்த ஓட்டத்துக்கு நடுவே அவளுக்கும் ஒரு நல்ல விஷயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவள் போய்வருகிற பஸ்ஸின் டிரைவர். வயது நாற்பத்தாறு, மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. வீட்டிலிருந்து கடைக்கு நாலு ஸ்டாப். பகல் சாப்பாட்டையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் வண்டியில் ஏறி இறங்குவாள். முதலில் தலையாட்டல், பிறகு ஒரு வார்த்தை, பிறகு அவள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் அரை நிமிஷம் வண்டியை நிறுத்தி வைப்பது. "கடிகாரம் ஏறியாச்சு, இனிமே பொழுது நகரும், போலாம் ரைட்!" என்று கண்டக்டர் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். டிரைவருக்குக் காது சிவந்துவிடும். டீ குடிக்கப் போகலாமா என்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்தான்: "அப்பாவுக்கு நேரமாச்சு."

கேட்டால் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கேட்காமலே ஏற்பாடு செய்தார். அவளுடைய அண்ணியைப் போய்ப் பார்த்தார், கடை முதலாளியைப் பார்த்தார், தனக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாருக்கு ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்று பதினைந்து வருஷமாக ஏங்கிய மனுஷி. வாய் ஓயாது, ஆனால் நெஞ்சில் கள்ளம் கிடையாது. "நீங்க கூட்டிட்டுப் போங்க, மாமாவை நான் பார்த்துக்கிறேன். ஆனா அவகிட்ட முன்கூட்டி மூச்சு விட்டுடாதீங்க, ஆயிரம் சாக்கு சொல்லுவா," என்றாள்.

அன்று காலை அவள் கடைக்குள் நுழைந்தபோது டிரைவர் சீருடை இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு உனக்கு லீவு. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாத," என்றார் முதலாளி. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குப் பகீரென்றது. "அப்பா..." என்றாள். அண்ணி மாற்றுச் சாவியோடு இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்றார் டிரைவர். பதறிப்போய்ப் போனை எடுத்தாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்றாள் அண்ணி. "மாமா குஷியா இருக்காரு. நீ பாட்டுக்குப் போயிட்டு வா."

"அண்ணி, தண்ணி விஷயத்துல மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். போனுக்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. அண்ணன். மனைவியைக் கொண்டுவிட வந்தவன் இன்னும் கிளம்பவில்லை.

சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். ஆனால் சொன்னால் மூன்று வருஷத்துப் பொய்யும் அந்த நிமிஷமே சந்திக்கு வந்துவிடும், அடுத்த வாரம் அப்பா அந்தக் கட்டில் வரிசையில் கிடப்பார். இப்படித்தான் அவள் நினைத்தாள். காலையில் கலந்த ஜாடி நிறைந்து இருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் தாராளமாகப் போதும் என்றும் நினைத்தாள்.

"சமையலறையில ஜாடியில தண்ணி வச்சிருக்கேன் அண்ணி. அதையே குடுங்க. ஸ்பூன்ல குடுங்க."

"அட, எனக்குத் தெரியாதா? ரெண்டு புள்ளைங்கள வளர்த்தவ நான். வை போனை!"

வைத்தாள். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அவர் வழக்கமாக ஓட்டுகிற அதே பஸ்ஸில்தான் அழைத்துப் போனார். அன்றைக்கு வேறொரு டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருடைய வலது கால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டுக் குனிந்து சிரித்தாள். "இவன் என்னங்க இப்படி வெட்டி வெட்டி ஓட்டுறான்," என்று அவர் முணுமுணுத்தார். நாலாவது ஸ்டாப்பைத் தாண்டி அவள் போனதே இல்லை. இந்த பஸ் எங்கே போய் முடிகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. முடிகிற இடத்தில் ஒரு ஏரி இருந்தது. கரையோரம் சிமென்ட் பெஞ்சுகள், டிரைவர்கள் சாப்பிடுகிற ஒரு தகரக்கூரை கேன்டீன். சமையல்காரர் வெளியே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்கதானா அது? ஆறு வருஷமா உங்களைப் பத்திக் கேட்டுக் கேட்டு எங்க காதே புளிச்சுப் போச்சும்மா," என்றார்.

சாப்பிட்டார்கள். ஏரியைச் சுற்றி நடந்தார்கள். பன்னிரண்டரைக்கு அவள் கை தானாகப் பையை எடுத்தது. "இன்னைக்கு ஓட வேண்டாம்," என்றார் அவர். அவள் பையைக் கீழே வைத்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மணி ஆனது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் தொண்டையைச் செருமினார். நாலு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று வைத்திருந்தார். முதல் வரியிலேயே எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா? அப்பாவும் நம்மகூடத்தான். பகல்ல அவரை நான் பார்த்துக்கிறேன், நீங்க கடையிலேருந்து வந்ததும் நான் சாயங்கால ஷிப்ட்டுக்குப் போறேன். டிப்போவுல பேசி வச்சுட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழகான வார்த்தை எதுவும் அவர் சொல்லவில்லை. ஆனால் ஷிப்ட் பிரித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைப்பான் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. "சரி," என்றாள். அப்பாவின் மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா விழுங்குகிற சங்கதியை இவரிடம் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டாள். இனி மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்கிற நினைப்பே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வீடு திரும்பியபோது ஐந்தரை. அப்பா தெளிவாக, முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் "சனியனே, சனியனே!" என்றார். அண்ணி ஓடிவந்து அவள் கன்னத்தைக் கிள்ளி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பரவாயில்லையே, முழு ஜாடியையும் குடித்திருக்கிறாரே என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் அப்பாவுக்கு ஜுரம். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ரெண்டு நுரையீரல்லயும் சளி கட்டியிருக்கு. பச்சைத் தண்ணி ஏதாவது குடிச்சாரா?"

"மூணு வருஷத்துல ஒரு சொட்டு கிடையாது டாக்டர்," என்று அடித்துச் சொன்னாள். கோபம்கூட வந்தது. அவள் கையால் எதுவும் பிசகியதில்லை என்று இவருக்குத் தெரியாதா?

வெளியே வந்தாள். வராந்தாவில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் அன்னைக்குச் சொல்லல. நீ வச்சிருந்த தண்ணி கெட்டுப்போய்க் கொழகொழன்னு நூலிழுத்துச்சு. வேலை அவசரத்துல நீ பார்க்கல, பாவம். நான் கீழே கொட்டிட்டு, ஜாடியைத் தேய்ச்சுக் கழுவி, நல்ல தண்ணி புடிச்சு வச்சேன். ஸ்பூனெல்லாம் எதுக்குன்னு டம்ளர்லயே குடுத்தேன். எப்படிக் குடிச்சாரு தெரியுமா? இருமல் இல்ல, புரை ஏறல. ஒரே மூச்சுல காலி பண்ணிட்டு இன்னும் கேட்டாரு. நாலு டம்ளர்! என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாருடி. அந்த ஒரு நாளாவது மாமாவை நான் நல்லா வச்சுக்கிட்டேன்னு மனசுக்கு ஆறுதலா இருக்கு."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அப்பாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? அண்ணியா? கெட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் கொடுத்தவளை யார் குற்றம் சொல்ல முடியும்? நான்தான், நான்தான் என்று அவள் உள்ளே கதறினாள். வெளியே சத்தம் வரவில்லை.

ஐந்தாம் நாள் விடிகாலையில் அப்பா போய்விட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்து சீரழியாமல் நல்ல சாவு என்றான் அண்ணன். வந்தவர்களிடமெல்லாம் அண்ணி அந்த நாலு டம்ளர் கதையைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு டிரைவர் வந்தார். இரண்டு மாசம் தள்ளிக் கல்யாணத் தேதியைப் பதிவு செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வாளோ என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்து, "நல்லவேளை, அன்னைக்கு அண்ணியை வரச் சொன்னேன். அப்பாவுக்கும் அது ஒரு நல்ல நாளா அமைஞ்சுது," என்றார்.

வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். அவளால் முடியவில்லை. ஒரு தடவை மறைத்ததற்கு ஒரு உயிர் போய்விட்டது, இன்னொன்றை மறைத்துக்கொண்டு இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? சொன்னாள். பொடி, ஜாடி, போனில் கேட்ட அண்ணன் குரல், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏற்பாடு பண்ணியிருந்தா..."

"இல்ல. நான் சொல்லியிருந்தா. தப்பு என்மேலதான். உங்கமேல இல்ல."

"கேக்காம கூட்டிட்டுப் போனது நான்தானே?"

"நீங்க நல்லதுதான் செஞ்சீங்க."

"நல்லதுதான் செஞ்சேன்," என்று அவரும் சொன்னார். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வரவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் புது டிரைவர் இருந்தார். பழையவர் வேறு டிப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கண்டக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்று சாயங்காலம் போனில் ஒரே வரி வந்தது: 'உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா நினைப்பு வரும், என்னால தாங்க முடியாது, மன்னிச்சிடுங்க.' அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணிக்கு விஷயம் எட்டியதும் புயலாக வந்து நின்றாள். "என்ன ஆச்சு அந்த ஆளுக்கு? ஆசை காட்டி ஏரிக்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு, இப்போ காணாம போறதா? அவர் டிப்போ எதுன்னு விசாரிச்சு வச்சிருக்கேன். இப்பவே போறேன். சட்டையைப் புடிச்சு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு உண்மையாகவே கிளம்பிவிட்டாள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அண்ணி போய்ச் சட்டையைப் பிடித்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அந்த நாலு டம்ளர் தண்ணீர் என்னவென்று தெரிந்தால் அண்ணி அப்புறம் ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்கமாட்டாள். அவள் குறுக்கே போய்க் கதவை மறித்தாள்.

"அவரைக் கேக்காதீங்க அண்ணி. அவர் ஒண்ணும் பண்ணல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"என்னது?"

"எனக்குப் புடிக்கல. சொல்லிட்டேன். விடுங்க."

அண்ணி அப்படியே நின்றாள். இருபது வருஷமாக அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லாதவளுக்கு அன்று முகமே மாறிவிட்டது. "புடிக்கலையா? அப்போ அன்னைக்கு எதுக்குப் போன? அவ்வளவு நல்ல மனுஷனை எதுக்கு நம்ப வச்ச? உன் வாழ்க்கைக்காக நான் ஓடி வந்து, உங்கப்பாவை ஒரு நாள் முழுக்கக் கண்ணுல வச்சுப் பார்த்துக்கிட்டேனே, அதெல்லாம் வீண்தானா?"

"வீணில்ல அண்ணி," என்றாள் அவள்.

அண்ணி இப்போது அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. யாராவது கேட்டால், தங்கமான மனுஷனை அலைக்கழித்துவிட்டுத் தள்ளிவிட்டாள், அவ்வளவு திமிர் என்று சொல்கிறாள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அவள் காதுக்கும் வருகிறது. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.